நாள் முழுக்க உட்கார ஒரு பைக் சீட்: நீங்களே செதுக்கி அமைப்பது எப்படி?

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். இன்றைக்கு வருகிற எந்த பைக்கின் இன்ஜினும் அதைத் தாங்கும். உட்காருகிறவர்தான் தாங்குவதில்லை. பலருக்குத் திண்டிவனத்திலேயே நெளிய ஆரம்பித்துவிடும். உளுந்தூர்பேட்டை வரும்போது ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஊர் திரும்பியதும் நேராகக் குஷன் கடைக்குப் போய், "அண்ணா, இன்னும் கொஞ்சம் பஞ்சு வச்சு மெத்துன்னு பண்ணிக் குடுங்க" என்பார்கள். அவரும் செய்து தருவார். கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தால் சோபா மாதிரி இருக்கும். அடுத்த பயணத்தில் வலி முன்னைவிடச் சீக்கிரமாகவே வந்து நிற்கும்.

நாம் உட்காரும்போது உடம்பின் எடையில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளில் இறங்குகிறது. உட்காரும் எலும்புகள் என்று வைத்துக்கொள்வோம். மெத்தென்ற ஃபோம் அந்த இரண்டு புள்ளிகளிலும் முழுசாக நசுங்கிவிடும். நசுங்கியபின் எலும்புக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் ஒன்றும் மிச்சமில்லை. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், மரத்துப்போகும், அப்புறம் எரியும். ஆகவே எடையைத் தொடை வரைக்கும் பரப்பிக் கொடுக்கிற அகலமும் சமதளமும் வேண்டும். அந்த வடிவத்தைக் கடைசி வரை விட்டுக்கொடுக்காத கெட்டியான ஃபோமும் வேண்டும். அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் நடத்தும் 'சேடில்சோர் 1000' சவாலில் 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல், அதாவது 1,610 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டுகிறவர்களிடையே பெயர்பெற்ற 'ரஸ்ஸல் டே-லாங்' சீட்டைப் பார்த்தால், இரு பக்கமும் தொடையைத் தாங்கச் சிறகு விரித்ததுபோல அகலமாக இருக்கும்.

அத்தனை பெரிய சீட் நமக்கு வேண்டாம். இருக்கிற சீட்டையே நம் உடம்புக்கு ஏற்றபடி மாற்றலாம். ஒரு வார இறுதியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

படி 1: எங்கே வலிக்கிறது என்று எழுதுங்கள்

அடுத்த முறை வெளியூர் போகும்போது வலி எந்த இடத்தில், எத்தனையாவது கிலோமீட்டரில் ஆரம்பிக்கிறது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு எலும்பு முனைகளிலும் குத்தினால் ஃபோம் நசுங்குகிறது. வால் எலும்பில் வலித்தால் சீட் நடுவில் குழியாக இருக்கிறது, அல்லது நீங்கள் கூன் போட்டு உட்காருகிறீர்கள். முன்பக்கம் மரத்துப்போனால் சீட் டாங்க் பக்கமாகச் சரிந்திருக்கிறது. தொடையின் உட்பக்கம் அறுத்தால் சீட்டின் ஓரம் கூர்மையாக இருக்கிறது. முட்டி வலித்தால் உங்கள் காலுக்கு சீட் உயரம் போதவில்லை.

படி 2: சீட்டைத் தவிர மற்றதைச் சரிபாருங்கள்

டயர் காற்று, பின்பக்க ஷாக்கின் பிரீலோட் (ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கி வைப்பது என்ற அமைப்பு), ஹேண்டில்பார் தூரம். இந்த மூன்றும் தவறாக இருந்தால் எந்த சீட்டும் உதவாது. ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுத்தண்டில் இறங்கினால் குற்றம் ஷாக்கில்தான். ஹேண்டிலை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் இடுப்பு சுருண்டு எடை வால் எலும்புக்குப் போய்விடும்.

உடையையும் பாருங்கள். ஜீன்ஸின் நான்கு தையலும் சந்திக்கும் தடித்த முடிச்சு சரியாக உட்காரும் இடத்தில்தான் வருகிறது. தையல் இல்லாத சைக்கிள் ஷார்ட்ஸை உள்ளே போட்டாலே பாதி எரிச்சல் போய்விடும். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்து ஓட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

படி 3: அளவு எடுங்கள்

பார்சல் பெட்டி அட்டையில், நெளிநெளியாக உள்ளடுக்கு இருக்கும் துண்டு ஒன்றை எடுத்துத் திண்ணை அல்லது மரப்பலகை மேல் வையுங்கள். அதன்மேல் உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குதிகாலைத் தூக்கி அரை நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். விரலால் தடவினால் இன்னும் நன்றாகப் புலப்படும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் வரும். பெண்களுக்குப் பொதுவாகச் சற்று அதிகம். பள்ளத்துக்கு வெளியே இரு பக்கமும் 3 சென்டிமீட்டராவது சமதளம் இருக்க வேண்டும். உங்கள் சீட்டில் அந்த அகலத்துக்குத் தட்டையான இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பல சீட்டுகளில் இருக்காது.

அடுத்தது சரிவு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி அளக்காதீர்கள். ஸ்டாண்டில் பைக்கின் ஒரு பக்கச் சக்கரம் தூக்கியிருப்பதால் சரிவு மாறிக் காட்டும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, நண்பர் ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, உட்காரும் இடத்தில் நீளவாக்கில் ஒரு ஸ்கேலை வைத்து அதன்மேல் போனை வையுங்கள். சரிவு காட்டும் செயலி எல்லாப் போனிலும் கிடைக்கும். முன்பக்கம் தாழ்ந்திருந்தால், பிரேக் அடிக்கும்போதெல்லாம் நீங்கள் டாங்கை நோக்கி வழுக்கி, கையால் தள்ளிப் பின்னால் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தோள் வலிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

கடைசியாக, ஓட்டும்போது உட்காரும் நிலையிலேயே உட்கார்ந்து, உங்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

படி 4: வேலை செய்ய இன்னொரு சீட்

கம்பெனி சீட்டில் கத்தி வைக்காதீர்கள். சென்னையில் இருந்தால் புதுப்பேட்டையில் உங்கள் மாடலுக்குப் பழைய சீட் தேடலாம். மற்ற ஊர்களிலும் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. கவர் கிழிந்திருந்தால் பரவாயில்லை. அடித்தட்டில் விரிசல் இருக்கக் கூடாது. முன்பக்க நாக்கு, பூட்டில் மாட்டும் கொக்கி, அடியில் இருக்கும் ரப்பர் புஷ்கள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் பைக்கில் மாட்டி 'டக்' என்று பூட்டு விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சீட்டைக் கவிழ்த்தால் ஓரமெல்லாம் ஸ்டேப்ளர் பின்கள் இருக்கும். சின்னத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, குறடால் இழுத்துவிடுங்கள். பழைய புல்லட் போன்றவற்றில் அடித்தட்டு இரும்பு. அதில் கவரைப் பற்களில் மாட்டியிருப்பார்கள், பற்களை நிமிர்த்தினால் வந்துவிடும். கவரைக் கிழிக்காமல் எடுங்கள், பிறகு தையல்காரருக்கு அதுதான் மாதிரி.

படி 5: செதுக்குதல்

ஃபோமின்மேல் மார்க்கரால் நடுக்கோடு ஒன்று போடுங்கள். அட்டையில் எடுத்த அளவை வைத்து எலும்பு வரும் இரண்டு இடத்தையும் குறியுங்கள். இந்த இடத்தைச் சுற்றி ஒரு சமதளம் வர வேண்டும். கிண்ணம்போல் குழி தோண்டாதீர்கள். குழி ஆழமானால் ஒரே இடத்தில் பூட்டி வைத்ததுபோல் ஆகிவிடும்; நீண்ட பயணத்தில் இரண்டு விரல் முன்னேயும் பின்னேயும் நகர்ந்து உட்காரும் வசதிதான் உங்களைக் காப்பாற்றும். பின்பக்கம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் மேடு இருந்தால் போதும்.

மெல்லிய பிளேடு கட்டர் வாங்கி, பிளேடை முழுக்க நீட்டிக்கொண்டு, சப்பாத்தி கனத்துக்கு மேல் ஒரு நேரத்தில் எடுக்காமல் சீவுங்கள். ஹேக்சா பிளேடும் நன்றாக வேலை செய்யும். மேடுபள்ளம் தீர்க்க 40ஆம் நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்க்கலாம். கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டர் பழக்கம் இருப்பவர்கள் தேய்ப்பு டிஸ்க் போட்டு லேசாகத் தொடலாம். அழுத்தினால் நொடியில் பள்ளம் விழுந்துவிடும். தூசி மூக்கில் ஏறும், மாஸ்க் கட்டாயம்.

கால் தரையில் எட்டவில்லை என்பதற்காக சீட்டின் மேல்பக்கத்தைக் குறைப்பதுதான் எல்லாரும் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உயரத்தைக் குறைத்தால் முட்டி இன்னும் மடங்கும், ஃபோமும் குறையும். அதற்குப் பதில் டாங்கை ஒட்டிய முன்பகுதியின் இரு தோள்களையும் சீவி வட்டமாக்குங்கள். கால் நேராகக் கீழே இறங்கும், தொடையில் அறுக்கும் ஓரமும் போய்விடும். உயரமானவர்கள் சீவுவதைவிட 2 சென்டிமீட்டர் ஏற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். முட்டிக்கு உடனே தெரியும்.

எவ்வளவு சீவினாலும் எலும்பு வரும் இடத்தில், மேலே ஒட்டப்போகும் அடுக்கையும் சேர்த்து, அடித்தட்டுக்கு மேல் 5 சென்டிமீட்டர் ஃபோம் மிச்சம் இருக்கட்டும்.

படி 6: எந்த ஃபோம்?

கடையில் கேட்டால் 'டென்சிட்டி 40' என்பார்கள். அது ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. டென்சிட்டி அதிகமானால் ஃபோம் நாள்பட உழைக்கும், அவ்வளவுதான், கெட்டித்தன்மை தனி. 40 டென்சிட்டியிலேயே மெத்தென்றும் வரும், கெட்டியாகவும் வரும். கையால் அழுத்திப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

என் பரிந்துரை இது: ஏற்ற வேண்டிய இடத்தில் அடியில் ரீபாண்டட் ஃபோம், 80 முதல் 100 டென்சிட்டி. துண்டு துண்டாகக் கலர் கலராக ஒட்டிய மாதிரி இருக்குமே, அதுதான். அதன்மேல் எச்ஆர் ஃபோம் (ஹை ரெசிலியன்ஸ், அழுத்தி விட்டால் உடனே எழும் ரகம்), அதிலும் கெட்டியானது, 2 சென்டிமீட்டர். எல்லாவற்றுக்கும் மேல் கவர் வழவழப்பாக நிற்க அரை சென்டிமீட்டர் மெல்லிய ஃபோம்.

மெமரி ஃபோம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது சூட்டில் இளகும் பொருள். நம் ஊர் மே மாத வெயிலில் மதியம் பன்னிரண்டு மணிக்கு அதற்கு உயிரே இருக்காது. ஆசைப்பட்டால் மேலே ஒரு சென்டிமீட்டர் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஜெல் பேடும் வெயிலில் நின்றால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் போன்ற ரப்பர் பசை. இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்து சேர்க்க வேண்டும். எலும்பு வரும் இடத்தில் பசையைக் கொட்டாதீர்கள், காய்ந்ததும் கட்டியாகிக் குத்தும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

படி 7: கவர் போடும் முன் ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள், இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஃபோம்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் பழைய பெட்ஷீட்டை இறுக்கி, அடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். சீட்டைப் பூட்டி, நூறு கிலோமீட்டராவது போய்விட்டு வாருங்கள். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது எதையும் சொல்லாது. ஒரு மணி நேரத்துக்கு மேல்தான் சீட் பேசும். வந்ததும் குறிப்பு எழுதி, அவிழ்த்து, தேவையான இடத்தில் சீவி, மறுபடி ஓட்டுங்கள். எத்தனை முறை ஆனாலும் சரி. கடையில் கொடுத்துச் செய்தாலும், "ஃபோம் வேலை மட்டும் முதல்ல முடிங்க அண்ணா, ஓட்டிப் பாத்துட்டு வர்றேன், அப்புறம் கவர் தைக்கலாம்" என்று சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

படி 8: கவர்

தையலைக் கடையிலேயே கொடுங்கள். சொல்ல வேண்டியவை சில. உட்காரும் இடத்தில் தையல் வரவே கூடாது. டைமண்ட் டிசைன் பார்க்க அழகு, ஆனால் ஊசி போன ஒவ்வொரு துளையிலும் மழைத்தண்ணீர் இறங்கும். நான்கு பக்கமும் இழுபடும் ரெக்ஸின் கேளுங்கள். வழுக்கவும் கூடாது, பிடித்து நிறுத்தவும் கூடாது.

ஃபோமுக்கும் ரெக்ஸினுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போடுங்கள். ரெக்ஸினை அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் இளகி நன்றாக இழுபடும். முதலில் முன்னால் நடுவில் ஒரு பின், பின்னால் இழுத்து நடுவில் ஒரு பின், அப்புறம் இரண்டு பக்கமும் எதிரெதிராக, நடுவிலிருந்து மூலைகளை நோக்கி. ஒரு பக்கம் முழுக்க அடித்துவிட்டு மறுபக்கம் போனால் சுருக்கம் விழும். பிளாஸ்டிக் அடித்தட்டுக்கு 6 மில்லிமீட்டர் பின் போதும். நீளமானவை கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஏறாமல் மடங்கிவிடும். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் பின் கிடைத்தால் விடாதீர்கள். அடித்தட்டில் இருக்கும் சின்ன ஓட்டைகள் காற்றும் தண்ணீரும் வெளியே போவதற்கு; அவற்றை மூடாதீர்கள்.

படி 9: பின்னால் உட்காருபவர்

சீட்டுக்குக் குறுக்கே இருக்கும் பெல்ட்டைக் 'கவர் அழகா இருக்கும்' என்று பல கடைகளில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்கத் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. பைக்கில் வேறு கைப்பிடி இல்லையென்றால் அந்த பெல்ட் கட்டாயம் வேண்டும். மனைவியோ அம்மாவோ கூட வருவதாக இருந்தால் படி 7இல் அவர்களையும் ஏற்றிக்கொண்டுதான் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்சீட்டின் அகலம் முன்சீட்டைவிடக் குறைவு, பிடித்துக்கொள்ள ஹேண்டிலும் இல்லை. உங்களைவிட அவர்களுக்குத்தான் முதலில் வலிக்கும்.

இவ்வளவு வேலை முடியாது என்றால்

காற்றடிக்கும் சீட் குஷன் ஒன்று வாங்குங்கள். இந்த வகையில் பெயர்பெற்ற 'ஏர்ஹாக்', சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் தடுக்கும் குஷன்களைச் செய்யும் ரோஹோ நிறுவனத்திலிருந்து வந்தது. காற்றறைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அழுத்தம் தானே பரவிவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் பந்துபோல் ஊதி, மேலே ஆடிக்கொண்டு ஓட்டுவார்கள். உட்கார்ந்தபடியே காற்றை மெதுவாக விடுங்கள். உங்களுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் கனம் இருக்கும்போது நிறுத்துங்கள்.

எந்த சீட்டாக இருந்தாலும் நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். புதிய சீட்டில் முதல் பயணத்தையே கன்னியாகுமரியாக வைக்காமல் ஒரு பாண்டிச்சேரி, ஒரு ஏலகிரி போய்வாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் இரண்டு நாள் நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிட்டு, தையல் ஓரங்களில் சீலன்ட் தடவிவிடுங்கள்.