சக ஊழியரின் முறைகேட்டை மேலிடத்துக்குத் தெரிவிப்பதா? முடிவெடுக்கும் முறை

உடன் வேலை செய்பவர் ஒருவர் முறைகேட்டில் ஈடுபடுவது தெரியவந்தால், அதை நிர்வாகத்திடம் சொல்வதா, கண்டும் காணாமல் இருந்துவிடுவதா என்ற கேள்வி எவருடைய தூக்கத்தையும் கெடுத்துவிடும். ‘போட்டுக் கொடுத்தவன்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளுமே என்ற அச்சம் ஒரு பக்கம். நாளை விஷயம் வெளியே வந்தால் ‘தெரிந்தும் ஏன் சொல்லவில்லை’ என்று கேட்பார்களே என்ற அச்சம் இன்னொரு பக்கம். இந்த இரண்டில் எது பெரிய அச்சம் என்று பார்த்து எடுக்கும் முடிவு நிலைக்காது. ஆகவே, சொல்வதா வேண்டாமா என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, சொல்வதானால் என்ன எழுதுவீர்களோ அதை முதலில் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பெரும்பாலான குழப்பம் அந்தப் பக்கத்தை எழுதும்போதே தெளிந்துவிடும்.

எழுதும்போது, கண்ணால் கண்டதையும் நீங்களாக ஊகித்ததையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். ஒரு நூற்பாலையில் கழிவுப் பஞ்சை வியாபாரிக்கு எடைபோட்டு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலியாக வரும் லாரியை எடைமேடையில் ஏற்றி எடை பார்ப்பார்கள். சரக்கு ஏற்றியபின் மறுபடியும் பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பில் போடப்படும். காலி லாரியின் எடையைக் கூட்டி எழுதினால் போதும், அந்த அளவுக்குப் பஞ்சு பில் இல்லாமல் வெளியேறிவிடும். ‘ஸ்டோரில் இருப்பவர் வியாபாரியோடு கூட்டு’ என்று நீங்கள் எழுதினால் அது ஊகம். ‘ஒரே பதிவெண் கொண்ட லாரியின் வெற்று எடை போன மாதச் சீட்டில் 5,200 கிலோ, இந்த மாதச் சீட்டில் 5,600 கிலோ, இரண்டு சீட்டிலும் அவர் கையெழுத்து இருக்கிறது’ என்று எழுதினால் அது நீங்கள் கண்டது. அடுத்ததாக, இதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா என்றும் எழுதிப் பார்க்க வேண்டும். டீசல் டேங்க் நிரம்பியிருந்திருக்கலாம், தார்ப்பாயும் கயிறும் வண்டியிலேயே கிடந்திருக்கலாம், எடைமேடையே பழுதாகியிருக்கலாம். மற்ற லாரிகளின் எடை மாறாமல் இருக்க, இந்த வியாபாரியின் லாரிக்கு மட்டும், அவர் பணியில் இருக்கும் நாட்களில் மட்டும் எடை கூடுகிறது என்றால், அப்போது அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக விழுந்துவிடும். அவை விழாதவரை உங்களிடம் இருப்பது சந்தேகம் மட்டுமே. ஒருவருடைய பிழைப்பையும் பெயரையும் பாதிக்கக்கூடிய புகாருக்கு அது போதாது.

பக்கம் தயாரானதும் கேட்க வேண்டிய கேள்வி, நீங்கள் வாயை மூடிக்கொண்டால் அடுத்து யாருக்குக் கேடு என்பது. ஓடும் இயந்திரத்தின் பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு வேலை வாங்குவதும், குடித்துவிட்டு நிறுவனப் பேருந்தை ஓட்டுவதும் ஆதாரம் சேரும்வரை காத்திருக்கும் விஷயங்கள் அல்ல. அந்த ஷிப்ட் முடிவதற்குள் பொறுப்பாளரிடம் வாய்மொழியாகவேனும் சொல்லிவிட்டு, எழுத்தில் பிறகு கொடுக்கலாம். பணமும் பொருளும் போவதாக இருந்தால், சரியாக எழுதிக் கொடுக்கச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளலாம். தாமதமாக வருவது, வேலை நேரத்தில் சொந்தப் பேச்சு பேசுவது போன்றவற்றுக்கு மேலிடம் வரை போக வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. நேரில் சொன்னால் போதும், கேட்காவிட்டால் அவருடைய மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் மனநிலையையும் சோதித்துக்கொள்ளுங்கள். இதே காரியத்தை உங்களுக்கு வேண்டியவர் செய்திருந்தால் புகார் கொடுத்திருப்பீர்களா? அவருக்கும் உங்களுக்கும் பதவி உயர்விலோ வேறெதிலோ மனத்தாங்கல் இருந்தால், அதனால் நீங்கள் கண்ட உண்மை பொய்யாகிவிடாது. ஆனால் விசாரணையில் அது நிச்சயமாக எழுப்பப்படும் என்பதால், நீங்களே முதலில் ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

முதலில் அவரிடமே பேசிப் பார்க்கலாமே என்று பலர் சொல்வார்கள். அறியாமையாலோ சோம்பலாலோ நடந்த தவறாக இருந்தால் அதுவே சரியான வழி. திட்டமிட்ட மோசடியாக இருந்தால் அப்படிச் செய்யக் கூடாது. மறுநாளே சீட்டுகள் காணாமல் போகும், பழி உங்கள்மீதே திரும்பவும் கூடும். பாலியல் தொல்லை என்றால் நிலைமை வேறு. அங்கே முடிவு பாதிக்கப்பட்ட பெண்ணுடையது. அவரைக் கேட்காமல் நீங்கள் முந்திக்கொண்டு போய்ச் சொல்வது அவருக்கு இன்னொரு துன்பமாகிவிடும். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும்; சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் புகார் தர வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். புகாரை நிரூபிக்க முடியாமல் போனது என்பதற்காக மட்டும் புகார் தந்தவர்மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்பதையும் அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கால அளவையும் இந்தப் பாதுகாப்பையும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்ததைச் சாட்சியாகச் சொல்லத் தயார் என்று கூறுங்கள்.

யாரிடம் சொல்வது என்பது அடுத்தது. நேரடி மேலதிகாரிக்கு அதில் பங்கு இருக்கலாம் என்று தோன்றினால் அவரைத் தாண்டிப் போவதில் தவறில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறும் நிறுவனங்களும், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய நிறுவனங்களும், முறைகேடுகளைத் தெரிவிப்பதற்கென்று தனி ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 177ஆவது பிரிவும் அதன் விதிகளும் சொல்கின்றன. புகார் தருபவர் பழிவாங்கப்படாமல் காப்பதும், தேவைப்பட்டால் தணிக்கைக் குழுவின் தலைவரையே நேரில் அணுக வழிவிடுவதும் அந்த ஏற்பாட்டின் பகுதிகள். அதன் விவரத்தை உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் தேடுங்கள். சிறிய நிறுவனமாக இருந்தால் முதலாளிதான் மேலிடம். அங்கே அவரை நேரில் பார்த்துப் பேசுவதே வழி.

மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், அரசுடைமை வங்கிகள் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குப் பெயரை ரகசியமாக வைக்கக் கோரிப் புகார் அனுப்பலாம். 2004இல் வந்த இந்த ஏற்பாட்டின் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு பல மேசைகளுக்குச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். முறைகேட்டைத் தெரிவிப்போரைக் காக்க 2014இல் நிறைவேறிய தனிச் சட்டமோ நெடுங்காலமாக நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே கிடக்கிறது. ரகசியம் காப்பதாகச் சொல்லும் எந்த அலுவலகத்திடமும், என் பெயர் யார் யார் கண்ணில் படும் என்று கடிதத்தைக் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது அவசியம்.

மொட்டைக் கடிதம் எழுதலாமா என்றால், அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பல அலுவலகங்கள் அதைக் கிழித்துப் போட்டுவிடும். மேற்சொன்ன ஆணைய ஏற்பாட்டிலும் பெயரில்லாத புகாரை ஏற்பதில்லை. எடுத்துக்கொண்டாலும், விளக்கம் கேட்க ஆள் இல்லாததால் விசாரணை பாதியில் நின்றுவிடும். அதேசமயம், பெயரோடு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மெமோ கொடுத்து, அவருடைய பதிலைப் பெற்று, உள்விசாரணை நடத்துவார்கள். நீங்கள் சாட்சியாக அழைக்கப்பட்டால், அவர் எதிரில் உட்கார்ந்து உங்களைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அவருக்கு உண்டு. அந்த மேசையில் நீங்கள் எழுதிய பக்கத்தை வரிக்கு வரி நிலைநிறுத்த முடியுமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆதாரம் திரட்டுகிறேன் என்று அவருடைய கடவுச்சொல்லைப் போட்டுக் கணினியைத் திறப்பதும், நிறுவன ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதும், வாட்ஸ்அப்பில் நண்பர்களிடம் காட்டுவதும் உங்களையே குற்றவாளி ஆக்கிவிடும். சீட்டு எண், தேதி, நேரம், அருகில் இருந்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். அசலைத் தேடி எடுப்பது நிர்வாகத்தின் வேலை.

எல்லாவற்றையும் பார்த்தபின், வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, வேறு வேலை கிடைக்காத நிலைமை ஆகியவற்றால் இப்போது சொல்ல வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. உயிருக்கு ஆபத்தில்லாத விஷயங்களில் அதுவும் ஒரு நியாயமான முடிவே. ஆனால் நீங்கள் சரிபார்க்காத எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மௌனமாக இருப்பவரைச் சாட்சியாகத்தான் கருதுவார்கள்; கையெழுத்துப் போட்டவரைக் கூட்டாளியாகக் கருதுவார்கள்.

சொல்வது என்று முடிவானால், அந்த ஒரு பக்கத்தைத் தேதியிட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பற்றிக் கேன்டீனில்கூடப் பேச வேண்டாம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால், என்ன நிலையில் இருக்கிறது என்று எழுத்திலேயே கேளுங்கள். இடமாற்றமோ, காரணமில்லாத மெமோவோ, சம்பள உயர்வு நிறுத்தமோ வந்தால், அதன் தேதியைப் புகார் கொடுத்த தேதிக்குக் கீழே குறித்துவைத்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரையோ தொழிற்சங்கத்தையோ தாமதிக்காமல் போய்ப் பாருங்கள்.