காசு போகும் வழியைப் பார்த்தபடி ஒரு என்.பி.ஏ. ஆட்டம் பார்ப்பது எப்படி

புதிதாக என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கைப் பார்க்கத் தொடங்கும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது, முதல் ஆட்டத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்று கவலைப்படாதீர்கள், கோர்ட்டில் இருக்கும் பொருட்களைப் பாருங்கள் என்பதுதான். கூடைக்கு மேலே இருக்கும் கடிகாரம், தரையில் போட்ட வளைகோடு, ஓரத்து நாற்காலி, காலில் கிடக்கும் ஷூ, இவற்றின் பின்னால் எல்லாம் டிக்கெட் விற்காமலோ சரக்கு நகராமலோ தவித்த ஒருவர் இருக்கிறார். நியூயார்க்கில் இரவு 7:30 என்றால் குளிர்காலத்தில் இந்தியாவில் காலை 6 மணி. எழுந்து ஒரு காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதல் கால்பகுதியில் கடிகாரத்தை மட்டும் கவனியுங்கள். 24, 23, 22 என்று இறங்கும். அது பூஜ்யமாவதற்குள் பந்தை எறிந்து அது வளையத்தையாவது தொட வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இது ஏன் வந்தது தெரியுமா? 1946-ல் இந்த லீக்கைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் ஐஸ் ஹாக்கி அரங்கங்களின் முதலாளிகள். ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்கம் சும்மா கிடக்கிறதே என்றுதான் கூடைப்பந்தைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அன்றைய விதிப்படி, முன்னால் இருக்கும் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணி, மினியாபொலிஸ் லேக்கர்ஸின் உயரமான ஜார்ஜ் மைக்கனுக்குப் பயந்து அப்படியே செய்தது. ஆட்டம் 19-18 என்று முடிந்தது. கடைசிக் கால்பகுதியில் இரண்டு அணியும் சேர்ந்து எடுத்தது 4 புள்ளி! காசு கொடுத்து வந்தவன் மறுபடி வருவானா?

சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன், பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் ஒரு பௌலிங் கூடம் நடத்தியவர், வாடிக்கையாளர் எப்போது எழுந்து போவார் என்று தெரிந்த மனிதர். அவர் போட்ட கணக்கு சின்னது. ரசிக்கும்படியான ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து 120 தடவை பந்தை எறிகின்றன, ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 நொடி, 120-ஆல் வகுத்தால் 24. 1954-ல் அது விதியானது. அடுத்த சீசனிலேயே ஓர் அணியின் சராசரி 79-லிருந்து 93 புள்ளிக்கு ஏறியது. இந்த விளையாட்டு பிழைத்ததே அந்த வகுத்தல் கணக்கால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் தரையில் இருக்கும் அந்த வளைகோடு. அதற்கு வெளியிலிருந்து பந்தைக் கூடைக்குள் போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. அதை மக்களிடம் பிரபலமாக்கியது ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக். 1967-ல் தொடங்கிய அவர்களுக்குப் பெரிய டிவி ஒப்பந்தம் கிடையாது, அதனால் கண்ணைக் கவரும் எதையும் செய்து பார்த்தார்கள்: சிவப்பு-வெள்ளை-நீலப் பந்து, மூன்று புள்ளிக் கோடு, 1976-ல் எம்பிக் குதித்துப் பந்தைக் கூடைக்குள் திணிக்கும் டங்க் போட்டி. அதே ஆண்டு அந்த லீக் மூடப்பட்டு, நான்கு அணிகள் மட்டும் என்.பி.ஏ.வுக்குள் வந்தன. இடம் கிடைக்காத செயின்ட் லூயிஸ் அணியின் உரிமையாளர்களான சில்னா சகோதரர்கள், மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. உள்ளே போகும் நான்கு அணிகளின் டிவி பங்கில் ஏழில் ஒரு பகுதியை லீக் இருக்கும்வரை எங்களுக்குத் தாருங்கள் என்று எழுதி வாங்கினார்கள். அப்போது அந்தப் பங்கு பெரிய காசில்லை. ஆனால் அடுத்த முப்பத்தைந்து, நாற்பது வருடங்களில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 30 கோடி டாலர் வாக்கில் வாங்கிவிட்டார்கள், 2014-ல் பெரும்பகுதியை முடித்துவைக்க இன்னும் 50 கோடி. டிவி என்ற ஒன்று இந்த லீக்கை எவ்வளவு ஊதிப் பெரிதாக்கியது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. கோட்டின் கதைக்கு வந்தால், என்.பி.ஏ. அதை 1979-ல் எடுத்துக்கொண்டது. முதல் சீசனில் ஓர் அணி கோட்டுக்கு வெளியிலிருந்து ஆட்டத்துக்கு மூன்று தடவைகூட எறியவில்லை, இப்போது 35-க்கும் மேல்.

இடைவேளை வந்தால் சேனலை மாற்றாதீர்கள், கோர்ட் ஓரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நடிகர், பாடகர், பெரும் பணக்காரர் என்று அங்கே ஒரு வரிசையே இருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த வரிசையை ஒரு தொழிலாகவே வளர்த்தவர் ஜெர்ரி பஸ். 1979-ல் அவர் லேக்கர்ஸ், ஒரு ஹாக்கி அணி, ஃபோரம் அரங்கம், ஒரு பண்ணை எல்லாவற்றையும் சேர்த்து 6.75 கோடி டாலருக்கு வாங்கினார். கூடைப்பந்தை ஓர் இரவு நிகழ்ச்சி மாதிரி நடத்தினார்: நடனக் குழு, இசை, முன்வரிசையில் ஹாலிவுட். 2025-ல் அந்த ஒரு அணி மட்டும் 1,000 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது.

ஷூவுக்கு நேரம் ஒதுக்குங்கள். நிறுத்தி, பெரிதாக்கிப் பாருங்கள். 1984-ல் மைக்கேல் ஜோர்டான் கல்லூரியிலிருந்து வந்தபோது அன்றைய நட்சத்திரங்களான மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் போட்டது கான்வர்ஸ். ஜோர்டானுக்குப் பிடித்தது அடிடாஸ். நைக்கியைப் பார்க்கவே அவருக்கு மனமில்லை, போய்ப் பேசிவிட்டாவது வா என்று அம்மா டெலோரிஸ் வற்புறுத்தியதால்தான் போனார். அங்கே அவருக்குக் கிடைத்தது அவர் பெயரிலேயே ஒரு ஷூ, விற்கும் சரக்கில் ஒரு பங்கு. கறுப்பும் சிவப்பும் கலந்த ஷூ எங்கள் விதிக்கு ஒத்துவராது என்று லீக் சொல்ல, நைக்கி அந்தத் தடையையே விளம்பரமாக்கியது. சில ஆண்டுகளில் 30 லட்சம் டாலருக்குப் போனால் போதும் என்று நினைத்த ஷூ முதல் வருடத்திலேயே 12 கோடியைத் தாண்டியது. அன்றிலிருந்து சிறுவர்கள் அணியைவிட ஆட்டக்காரரைத்தான் பின்தொடர்கிறார்கள். 1984-ல் லீக்கை நடத்தும் கமிஷனரான டேவிட் ஸ்டெர்ன் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார், லீக்கின் விளம்பரமெல்லாம் மனிதர்களின் முகமானது.

அந்த முகங்களை உலகம் மொத்தமாகப் பார்த்தது 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில். அமெரிக்க அணி ஆட்டத்துக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 44 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது, தோற்றவர்கள் ஆட்டம் முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதன் விளைச்சலை இன்று பார்க்கலாம்: 2019 முதல் 2025 வரை என்.பி.ஏ.வின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய அனைவரும் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். 2019 அக்டோபரில் மும்பையில் லீக் இரண்டு ஆட்டங்கள் நடத்தியதும் அதே சந்தைக் கணக்கில்தான்.

ஆட்டம் தொடங்கும் முன் வீரர்கள் அரங்கத்துக்குள் நடந்து வரும் காட்சியையும் தவறவிடாதீர்கள். ஆலன் ஐவர்சன் ஹிப்-ஹாப் தெருவின் உடையையும் முடிப் பின்னலையும் பச்சை குத்தலையும் அப்படியே கொண்டுவந்தபோது இளைஞர்கள் கொண்டாடினார்கள், லீக் முகம் சுளித்தது. 2005-ல் உடை விதி போட்டார்கள். கறுப்பின இளைஞர்களின் உடையை மட்டும் குற்றமாகப் பார்த்த விதி அது, எனக்கு இன்றும் கோபம் வரும். வீரர்களோ அந்த நடையையே ஃபேஷன் மேடையாக மாற்றிக்கொண்டார்கள்.

இனி செய்திகளில் 'அந்த அணி இவரை ஏன் விற்றது?' என்று குழம்பும்போது சம்பள உச்சவரம்பைத் தேடிப் பாருங்கள், ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு அது. 1984-85-ல் ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர், 2025-26-ல் 15 கோடியே 46 லட்சம். லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது, அதனால் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 7,600 கோடி டாலர் என்று புதிய டிவி ஒப்பந்தம் வந்தால் அவர்கள் சம்பளமும் கூடவே ஏறும். பாதி வியாபாரச் செய்திகள் இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டாலே புரிந்துவிடும்.

சரி, அடுத்து ஒரு பழைய ஆட்டம். 1980 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தை இணையத்தில் தேடி எடுங்கள். அன்று அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் அதை நேரலையாகக்கூடக் காட்டவில்லை, இரவு வெகுநேரம் கழித்துப் பதிவாகத்தான் போட்டார்கள். லேக்கர்ஸின் உயரமான நட்சத்திரம் கரீம் அப்துல்-ஜப்பாருக்குக் கணுக்காலில் அடி, ஆட வரவில்லை. ஆட்டம் தொடங்க நடுவட்டத்தில் அவர் இடத்தில் 20 வயது மேஜிக் ஜான்சன் வந்து நிற்பார். அந்த இடத்திலிருந்து பாருங்கள், முடியும்போது அவர் கணக்கில் 42 புள்ளி இருக்கும்.