பசி நேரத்தைக் கணக்கில் எடுங்கள்: குடும்பத்தோடு வெளியே போக ஒரு பட்ஜெட் வழிகாட்டி

குடும்பத்தோடு வெளியே போய்வந்து கணக்குப் பார்த்தால், நுழைவுச்சீட்டும் பயணக் கட்டணமும் பெரும்பாலும் நினைத்த அளவில்தான் இருக்கும். எகிறியிருப்பவை வேறு. மதியம் இரண்டரைக்குக் குழந்தை பசியில் அழுதபோது கண்ணில் பட்ட முதல் கடையில் வாங்கிய சாப்பாடு, நான்காவது தண்ணீர் பாட்டில், இனி நடக்கவே முடியாது என்றானதும் பிடித்த டாக்ஸி. பசியும் தாகமும் களைப்பும் எப்போது வரும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் பட்ஜெட்டைத் தொகையில் தொடங்காமல் மணிக்கணக்கில் தொடங்குங்கள்.

ஒரு தாளில், கிளம்பும் நேரம் முதல் திரும்பும் நேரம் வரை மணிவாரியாக எழுதுங்கள். எப்போது எங்கே சாப்பாடு, எங்கே உட்கார நிழல், கழிப்பறை எங்கே, சின்னவர் தூங்கும் நேரத்தில் எங்கே இருப்போம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். சிறு பிள்ளைகளுக்கு இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றுக்கு ஏதாவது போக வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பணம் ஒழுகப்போகும் இடம் அதுதான்.

போக்குவரத்தும் டிக்கெட்டும்

பஸ், ரயில் கட்டணம் தலைக்கு ஏறும்; கார் செலவு வண்டிக்கு ஒன்றுதான். அதனால் இரண்டு பேருக்கு மலிவான வழி ஐந்து பேருக்கு மலிவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. காருக்கான கணக்கு: போகவர மொத்தத் தூரத்தை வண்டியின் மைலேஜால் வகுத்து, எரிபொருள் விலையால் பெருக்கி, சுங்கத்தையும் பார்க்கிங்கையும் கூட்டுங்கள். பார்க்கிங்கை எல்லோரும் மறந்துவிடுவார்கள்; சில இடங்களில் அது எரிபொருளையே தாண்டிவிடும். மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் பார்க்கிங் என்றால் கடிகாரத்தைப் பார்த்தபடியே சுற்ற வேண்டியிருக்கும். கொஞ்சம் தள்ளி நாள் முழுவதற்கும் ஒரே கட்டணம் உள்ள இடம் கிடைத்தால், பத்து நிமிடம் நடந்தாலும் பரவாயில்லை.

நெடுஞ்சாலையில் வேகமும் செலவுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 90 கிலோமீட்டரிலிருந்து 110க்குப் போனால் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். வண்டிக் கூரையில் காலியாகக் கிடக்கும் கேரியரும் இதே காரணத்தால் எரிபொருளைத் தின்னும். கழற்றி வைத்துவிடுங்கள்.

டிக்கெட்டில் 'குடும்பப் பேக்கேஜ்' என்ற பெயரைப் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்ற அளவுக்கு வெட்டப்பட்டவை. உங்கள் கடைக்குட்டிக்கு வயதுப்படி நுழைவே இலவசம் என்றால், தனித்தனியாக வாங்குவது மலிவாக முடியலாம். வயது வரம்பா, உயர வரம்பா என்று பார்த்து, வயதுச் சான்றின் படத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தா அட்டைக்கு ஒரே ஒரு வகுத்தல் போதும்: அட்டை விலையை ஒருமுறை போகும் செலவால் வகுங்கள். விடை 3.2 என்றால் நான்கு முறை போனால்தான் லாபம். சென்ற வருடம் அந்த மாதிரி இடத்துக்கு எத்தனை முறை போனீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள்; இந்த வருட ஆசையை வைத்து வேண்டாம்.

பல இடங்களுக்கு ஒரே சீட்டு என்று விற்கும் நகரப் பாஸ்களும் அப்படியே. பிள்ளைகளோடு ஒரு நாளில் இரண்டு பெரிய இடங்களுக்கு மேல் தாங்காது. நாளைக்கு ஐந்து இடம் பார்த்தால்தான் கட்டுப்படியாகும் என்றால் அந்தப் பாஸ் தனியாக ஊர் சுற்றுபவருக்கானது.

இலவச நாட்களில் போவதென்றால் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பதினோரு மணிக்குப் போய் வரிசையில் நின்றால் மிச்சப்படுத்திய காசு உள்ளே நுழையும் முன்பே தின்பண்டமாகிவிடும்.

கையில் கொண்டுபோகும் சாப்பாடு

செலவை அதிகம் குறைப்பது இதுதான். தவறாகச் செய்தால் வயிற்றைக் கெடுப்பதும் இதுதான். கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவே இருக்கிறது. குளிர்ந்தது 5க்குக் கீழேயும் சூடானது 60க்கு மேலேயும் இருக்க வேண்டும். நடுவே கிடந்தால் இரண்டு மணி நேரம்தான் கெடு. வெளியே வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். ரொட்டி, முழுப் பழம், கொட்டை வகை, பிஸ்கட் போன்ற உலர்ந்தவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. பால், முட்டை, இறைச்சி, சமைத்த சோறு, நறுக்கிய பழம் ஆகியவற்றுக்கு உண்டு. சோற்றை லேசாக நினைக்காதீர்கள். வேகவைத்தாலும் சாகாத நுண்வித்துகள் அதில் இருக்கின்றன. வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

குளிர்பெட்டிக்குக் கடை ஐஸ் தேவையில்லை. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி முந்தைய நாள் ஃப்ரீசரில் வையுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால் கழுத்துவரை நிரப்பாமல் எட்டில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். நான்கு பேர் சாப்பாட்டுப் பெட்டிக்கு இப்படி நான்கைந்து பாட்டில் போதும். மாலையில் அதுவே குடிநீர். பெட்டியையும் முந்தைய இரவே குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெயிலில் கிடந்த பெட்டியில் வைத்தால், முதல் ஒரு மணி நேரம் ஐஸ் பெட்டியைக் குளிர்விப்பதிலேயே கரைந்துவிடும்.

அடுக்கும் முறை: குளிர்காற்று கீழ்நோக்கி இறங்கும், எனவே உறைந்த பாட்டில்கள் மேலேயும் பக்கங்களிலும். இடைவெளிகளைத் துண்டால் அடைத்துவிடுங்கள். உணவைக் கட்டாயம் ஃப்ரிட்ஜில் குளிரவைத்தபின்தான் உள்ளே வைக்க வேண்டும். சூட்டோடு ஒரு டப்பாவைத் திணித்தால் மற்ற எல்லாமே கெடும். குடிக்கும் பாட்டில்களுக்குத் தனிப் பை. தண்ணீருக்காகப் பத்து தடவை திறக்கப்படும் பெட்டி மதியத்துக்குள் குளிர்பெட்டியாக இருக்காது. பாதி உருகிவிட்டது என்று பாட்டிலை வெளியே எடுத்துப் போடாதீர்கள். ஐஸ் வேலை செய்வதே உருகும்போதுதான். ஒரு கிலோ ஐஸ் முழுதாக உருக எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகப் போதுமானது. வண்டியில் பெட்டியை டிக்கியில் வைக்காமல் இருக்கைகளுக்கு நடுவே கால்பக்கம் வையுங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் விட்டுப் போகவும் கூடாது.

சூடான சாப்பாட்டுக்கு வாயகன்ற பிளாஸ்க். முதலில் கொதிக்கும் நீரை ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க உணவை விளிம்புவரை நிரப்புங்கள். பாதி நிரப்பிய பிளாஸ்க் சீக்கிரம் ஆறும். உங்கள் பிளாஸ்க் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை வீட்டிலேயே சோதியுங்கள். வெந்நீர் நிரப்பி ஐந்து மணி நேரம் கழித்துச் சமையல் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 60க்குக் கீழே காட்டினால் அது காபிக்கு மட்டும்.

தண்ணீர் சாதாரண நாளில் தலைக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர். வெயிலில் நடப்பதென்றால் மணிக்கு அரை லிட்டர்வரைகூடப் போகும். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ சுமை. நிரப்பிக்கொள்ளும் இடம் எங்கே உண்டு என்று பார்த்துவைத்தால் பாதியைச் சுமந்தால் போதும். வெளிச்சாப்பாட்டை உள்ளே அனுமதிப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் வாசலிலேயே பையைப் பிரித்துப் பார்ப்பார்கள். அப்படியானால் வெளியே போய்த் திரும்பிவர அதே சீட்டு செல்லுமா என்பது அடுத்த கேள்வி.

ஹோட்டலில் சாப்பிடும்போது

வெளிச்சாப்பாட்டுக்கு மதியத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே சமையலறை, அதே கைப்பக்குவம்; முழுச் சாப்பாடாக ஒரே விலைக்கு மதியம் தருவதை இரவில் பல இடங்களில் தனித்தனி ஐட்டமாக விற்பார்கள். பிரபலமான இடத்தின் வாசலிலேயே உட்காராமல் இரண்டு தெரு உள்ளே போங்கள். விலை எழுதிய பலகை வெளியே இல்லாத கடையில் முதலில் மெனு கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு உட்காருங்கள். உட்கார்ந்த பின் எழுந்து வர யாருக்கும் மனம் வராது.

மெனுவில் அதிக லாபம் வைத்து விற்பது பானங்களைத்தான். ஐந்து பேர் ஆளுக்கொரு குளிர்பானம் சொன்னால் பில்லில் இன்னொரு ஆள் சாப்பிட்டது போலாகும். குடிநீர் கேளுங்கள், பாட்டிலா, சாதாரணத் தண்ணீரா என்று அவர்கள் கேட்டால் இரண்டாவதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இனிப்பையும் ஐஸ்கிரீமையும் வெளியே வந்து நடந்துகொண்டே சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு அது தனிக் கொண்டாட்டமாகவும் இருக்கும்.

ஆர்டர் சொல்வதில் ஒரு ஒழுங்கு வேண்டும். தலை எண்ணிக்கையைவிட ஒன்று குறைவாகச் சொல்லி, நடுவே வைத்துப் பகிர்ந்து, போதாவிட்டால் மறுபடி சொல்லுங்கள். பசியோடு மெனுவைப் பார்ப்பவர் எப்போதும் கூடுதலாகவே சொல்வார், அதனால் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பிள்ளைகளுக்கு ஒரு பழமோ இரண்டு பிஸ்கட்டோ கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் மேசையில் சாப்பாடு மிஞ்சும். குழந்தைகளுக்கென்று தனி மெனு இருந்தால் அதையும் பெரியவர் தட்டில் பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதித் தட்டு அளவிலும் விலையிலும் சத்திலும் மேலாக இருப்பதுண்டு. பஃபே லாபமா என்பது பிள்ளைகளுக்கு என்ன கட்டணம் என்பதைப் பொறுத்தது. கொறித்துவிட்டு ஓடும் பிள்ளைக்கு முழுக்கட்டணம் கேட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கூப்பனில் நான்கு விஷயம் பாருங்கள்: குறைந்தபட்சம் எவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும், எந்தக் கிழமைகளில் செல்லும், பானங்கள் சேருமா, வேறு தள்ளுபடியோடு சேர்த்துத் தருவார்களா. குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காக ஒன்று கூடுதலாக ஆர்டர் செய்தால் அந்தக் கூப்பன் உங்களுக்கு வேலை செய்யவில்லை, கடைக்குச் செய்திருக்கிறது. 'இன்றைய ஸ்பெஷல்' என்று வாயால் சொல்வதற்கு விலை கேட்டுவிடுங்கள். கேட்காமலே மேசையில் வைக்கும் ரொட்டிக்கும் சிறுதட்டுகளுக்கும் காசு உண்டா என்று விசாரியுங்கள். பில் வந்ததும் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்க்காமல் டிப்ஸும் வைத்தால் ஒரே வேலைக்கு இருமுறை கொடுத்ததாகும்.

சில நாள் தங்கும் விடுமுறை

அறை வாடகையை ஒப்பிடும்போது முகப்பில் தெரியும் தொகையை விட்டுவிட்டு, வரி, சுத்தம் செய்யும் கட்டணம், பார்க்கிங், காலைச் சாப்பாடு எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை இரவுகளால் வகுங்கள். சுத்தம் செய்யும் கட்டணம் ஒருமுறைதான் என்பதால் இரண்டு இரவுக்கு அது பாரம், ஏழு இரவுக்கு ஒன்றுமில்லை.

ஊருக்கு வெளியே மலிவான அறை என்பது பலரும் விழும் குழி. நடுவில் உள்ள அறை இரவுக்கு 100 என்றும், வெளியே உள்ளது 75 என்றும் வைத்துக்கொள்வோம். வெளியே இருந்து ஊருக்குள் வர ஒருவருக்கு ஒருவழிக் கட்டணம் 4. நான்கு பேர், போகவர: 32. மிச்சப்படுத்திய 25 போய் இன்னும் 7 கையை விட்டுப் போகிறது. மதியம் பிள்ளை தூங்க அறைக்குத் திரும்பவும் முடியாது, அதனால் களைப்புச் செலவு தனி. ஆனால் கையில் கார் இருந்து, பார்க்க வேண்டியவையும் ஊருக்கு வெளியே இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

சமையல் வசதியுள்ள வீடு எடுத்தால் மூன்று வேளையும் சமைக்க நினைக்காதீர்கள். சமைப்பவருக்கு அது விடுமுறையே இல்லை. காலையும் இரவும் எளிதாக வீட்டில், மதியம் வெளியே என்பதே நிலைத்து நிற்கும் ஏற்பாடு. எண்ணெய், உப்பு, மசாலா, தேயிலை ஆகியவற்றைச் சின்ன டப்பாக்களில் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மூன்று நாளுக்காக ஒரு முழு பாட்டில் எண்ணெய் வாங்கி விட்டுவிட்டு வருவது வீண். விமானப் பயணம் என்றால் திரவங்களைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

'ரத்து செய்தால் பணம் கிடையாது' என்ற மலிவு விலையை எடுக்கலாமா? அது 10 சதவீதம் மலிவு என்றால், பயணம் ரத்தாகும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்குக் குறைவாக இருக்கும்போதுதான் லாபம். அடிக்கடி காய்ச்சல் வாங்கிவரும் பிள்ளை உள்ள வீட்டில் இதை யோசித்தே செய்யுங்கள்.

மலிவு விமான டிக்கெட்டில் பெட்டிக் கட்டணமும், பிள்ளையோடு சேர்ந்து உட்கார இருக்கைக் கட்டணமும் கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள். நள்ளிரவில் இறங்கினால் டாக்ஸிச் செலவும், தூங்காத இரவுக்கு அறை வாடகையும் சேரும். மடியில் வைத்துப் போகும் குழந்தைக்கு பொதுவாக இரண்டு வயதுவரைதான் சலுகை. பயணத்தின் நடுவே பிறந்தநாள் வந்தால் திரும்பி வரும்போது தனி இருக்கை வாங்க வேண்டும். பெட்டியின் எடையை வீட்டிலேயே பார்க்கலாம்: பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, பின் வெறுங்கையோடு நின்று, இரண்டையும் கழியுங்கள். வரம்புக்கு ஒரு கிலோவாவது குறைவாக இருக்கட்டும். திரும்பும்போது ஈரத் துணி கனக்கும்.

தினச்செலவுக்கான மொத்தத் தொகையில் 10 முதல் 15 சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கென்று எடுத்துத் தனியே வைத்துவிட்டு மீதியை நாள்வாரியாகப் பிரியுங்கள், ஆனால் சமமாகப் பிரிக்காதீர்கள். போகும் நாளும் திரும்பும் நாளும் எப்போதும் அதிகம் கேட்கும். பிள்ளைகளின் பொம்மைக் கோரிக்கைகளுக்கு முதல் நாளே ஆளுக்கொரு தொகையைக் கையில் கொடுத்து, மிச்சம் அவர்களுக்கே என்று சொல்லிவிடுங்கள். தன் காசு என்றதும் கடையில் ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது 'உங்கள் நாட்டுப் பணத்திலா, இந்த நாட்டுப் பணத்திலா' என்று மெஷின் கேட்டால் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் பணத்தில் காட்டும் தொகைக்குள் மாற்று வீதத்தின் மேல் ஒரு கமிஷன் ஒளிந்திருக்கும். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பார்கள் என்றால் சில்லறையாகப் பலமுறை எடுக்காமல் தேவையை ஒரே தடவையில் எடுங்கள். வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு, விமானம் இறங்கும் முன் ரோமிங் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பின்னணியில் தானாகப் புகைப்படங்களை ஏற்றும் ஒரே ஒரு ஆப் போதும், ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு போவதற்கு.