ஒரு துளி ரத்தம் போதும்: டிராகுலா நடிகர்களை ஒப்பிடும் வழி

டிராகுலாவாக நடித்தவர்களில் யார் பெரிய ஆள் என்று கேட்டால், பெரும்பாலும் சொல்பவரின் வயதுதான் பதிலாக வரும். முதலில் யாரைப் பார்த்துப் போர்வைக்குள் ஒளிந்தோமோ அவரே நமக்கு அசல் டிராகுலா. எனக்கு அது கிறிஸ்டோபர் லீ. அந்தப் பாசத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, இந்த நடிகர்களை நியாயமாக ஒப்பிட நான் கையாளும் முறையை இங்கே சொல்கிறேன். நான் டப்பிங் பேசுகிறவள். சாலிகிராமத்தில் ஏதாவது ஒரு ஒலிப்பதிவு அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்து, யாரோ ஒருவரின் வாயசைவை முறைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் என் முறையில் காதுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கும்.

முழுப் படங்களை ஒப்பிடாதீர்கள். பெலா லுகோசி நடித்த 1931 படம் 75 நிமிடம், கேரி ஓல்ட்மேன் நடித்த 1992 படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். 1958 படத்தில் லீ திரையில் தெரிவதே சில நிமிடங்கள்தான். கதையும் ஒவ்வொன்றிலும் வேறு. எனவே அநேகமாக எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் வருகிற ஒரே காட்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பிடித்துக்கொண்டது இது: கோட்டைக்கு வந்த விருந்தாளிக்கு லேசாக ஒரு காயம் படுகிறது, ஒரு துளி ரத்தம் வருகிறது, எதிரே நிற்பவர் அதைப் பார்த்துவிடுகிறார். அதுவரை அவர் நல்ல குடும்பத்துப் பெரிய மனிதர், சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிறவர். ரத்தத்தைப் பார்த்ததற்கும் அடுத்த அசைவுக்கும் நடுவே அவர் தன்னை எப்படி அடக்கிக்கொள்கிறார் என்பதில்தான் நடிப்பு இருக்கிறது. பல்லைக் காட்டிச் சீறுவது யாருக்கும் வரும்.

முதலில் மூலத்தைப் படித்துவிடுங்கள். பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் இரண்டாம் அத்தியாயம் போதும், அரை மணி நேர வேலை. கோட்டைக்கு விருந்தாளியாக வந்த ஹார்க்கர் சவரம் செய்துகொண்டிருக்கிறான். தோளில் ஒரு கை விழுகிறது, கண்ணாடியில் யாரும் தெரியவில்லை. திடுக்கிட்டதில் கத்தி பட்டுவிடுகிறது. ரத்தத்தைப் பார்த்த டிராகுலா பிரபு அவன் தொண்டையை நோக்கிப் பாய்கிறார். சிலுவை கோத்த மணிமாலையில் கை பட்டதும் கோபம் வந்த சுவடே தெரியாமல் மறைகிறது. அப்புறம் அந்தக் கண்ணாடியைத் தூக்கி ஜன்னல் வழியே எறிகிறார். அதே அத்தியாயத்தில் ஆளின் அடையாளமும் இருக்கிறது: உயரமான கிழவர், நீண்ட வெள்ளை மீசை, தலை முதல் கால் வரை கறுப்பு உடை, உள்ளங்கையில் முடி. புகழ்பெற்ற டிராகுலாக்கள் பெரும்பாலும் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடுதான் வந்து போனார்கள். ஆகவே 'நாவலில் உள்ளபடி இருக்கிறாரா' என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். நாவலிலிருந்து எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்று பார்த்தால் போதும்.

அடுத்தது பிரதி. இதில் அசட்டையாக இருந்தால் ஒப்பீடே கெட்டுப்போகும். டிராகுலா கதையை வைத்து 1922-இல் ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் எடுத்த நோஸ்ஃபெராட்டு இணையத்தில் எங்கும் கிடைக்கிறது, ஆனால் பாதிப் பிரதிகள் மோசம். மௌனப்பட வேகத்தில் எடுத்ததை இன்றைய வேகத்தில் ஓட்டினால் ரத்தக்காட்டேரியாக வரும் மாக்ஸ் ஷ்ரெக் பொம்மை மாதிரித் துள்ளுவார். அவர் உண்மையில் மிக மெதுவாக நகர்கிற நடிகர். இன்னொன்று, இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றித்தான் இரவாக்கியிருந்தார்கள். சாயம் போன கறுப்பு வெள்ளைப் பிரதியில் பட்டப்பகலில் ஒரு ரத்தக்காட்டேரி சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும். சூரிய ஒளி பட்டால் ரத்தக்காட்டேரி அழியும் என்ற விஷயத்தைத் திரைக்குக் கொண்டுவந்ததே இந்தப் படம்தான், அதனால் இந்தக் கோளாறு இன்னும் கேலிக்கூத்தாகிவிடும். சாயம் உள்ள, செப்பனிட்ட பிரதியைத் தேடுங்கள். சில பழைய பிரதிகளில் ஷ்ரெக் நடித்த ஆர்லாக் பிரபுவை எழுத்து அட்டைகளில் டிராகுலா என்றே பெயர் மாற்றியிருப்பார்கள். உரிமை வாங்காமல் எடுத்த படம், அதனால்தான் பெயரையே மாற்றி எடுத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வாங்கினார். தப்பித்த பிரதிகளைத்தான் நாம் பார்க்கிறோம்.

1931 படத்துக்கு வேறு எச்சரிக்கை. தொடக்கத்தில் ஓடும் 'ஸ்வான் லேக்' இசையை விட்டால் அதில் பின்னணி இசை அநேகமாக இல்லை. பல பதிப்புகளில் 1990-களின் கடைசியில் ஃபிலிப் கிளாஸ் எழுதிய இசையும் ஒரு ஒலித்தடமாக இருக்கும். நல்ல இசை, ஆனால் ஒப்பீட்டுக்கு வேண்டாம். லுகோசியின் மௌனங்களை அது நிரப்பிவிடுகிறது.

சரி, இப்போது காட்சியைப் போடுங்கள். முதல் தடவை ஒலியை முழுதாக அணைத்துவிட்டு.

1922-இல் ஹூட்டர் (ஹார்க்கருக்கு அந்தப் படத்தில் வைத்த பெயர்) ரொட்டி நறுக்கிக்கொண்டிருக்கிறான். எலும்புக்கூடு வைத்த கடிகாரம் நள்ளிரவு அடிக்கிறது, அவன் கட்டைவிரலை வெட்டிக்கொள்கிறான். ஷ்ரெக்கிடம் தயக்கமே இல்லை. கை நீள்கிறது, உடம்பு அதன் பின்னாலேயே போகிறது, அவ்வளவுதான். பசிக்கும் செயலுக்கும் இடையில் யோசிக்க மனம் என்று ஒன்று இல்லாத ஒரு பிராணி. 1979-இல் வெர்னர் ஹெர்சாக் இதே காட்சியை இதே ரொட்டிக் கத்தியோடு எடுத்தார். கிளாஸ் கின்ஸ்கிக்கு அதே மொட்டைத் தலை, அதே எலிப் பல், அதே நகம். ஒப்பனை ஏறக்குறைய ஒன்றே என்பதால், மிச்சம் தெரிவதெல்லாம் நடிகர்தான். இப்படி ஒரு வாய்ப்பு ஒப்பிடுகிறவர்களுக்கு அரிதாகவே அமையும், எனவே இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கின்ஸ்கி விரலைப் பார்க்கிறார், கண்ணை எடுக்கப் பார்க்கிறார், முடியவில்லை. காயத்துக்கு வைத்தியம் செய்வதாகச் சொல்லிக்கொண்டு நெருங்குகிறார். பாய்வதற்கு முன்னாலேயே அந்த முகத்தில் வெட்கம் வந்துவிடுகிறது. ஷ்ரெக்கைப் பார்த்தால் அருவருப்பு வரும், கின்ஸ்கியைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

லுகோசிக்கு வருவோம். 1931 படத்தில் கோட்டைக்கு வரும் விருந்தாளி ரென்ஃபீல்டு. அவன் விரலில் ஒரு பேப்பர் கிளிப் குத்துகிறது. லுகோசி மெல்ல முன்னே வருகிறார், ரென்ஃபீல்டின் கழுத்துச் சிலுவை கை மேல் விழுகிறது, முகத்தை மறைத்துக்கொண்டு திரும்புகிறார். ஒலி இல்லாமல் பார்த்தால் அவர் கைகளைத்தான் கவனிப்பீர்கள், விரல்கள் தனியாக நடிக்கும். அந்தப் படத்தில் அவருக்குக் கோரைப்பல்லே கிடையாது என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது. கண்களின் மினுமினுப்பை மட்டும் அவர் கணக்கில் எழுதாதீர்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் மெல்லிய ஒளிக்கீற்றுகளைக் கண்களின் மேல் விழும்படி வைத்திருந்தார். விளக்குக்காரர் செய்ததை விளக்குக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இதற்காக ஒரு தாளை மூன்றாக மடித்துக்கொள்வேன். நடிகர் செய்தது ஒரு பக்கம், ஒப்பனையும் உடையும் ஒரு பக்கம், கேமராவும் விளக்கும் ஒரு பக்கம். 1992 கேரி ஓல்ட்மேனைப் பார்க்கும்போது இந்தத் தாள் இல்லாமல் தேறவே முடியாது. தலைக்கு மேல் இரண்டு குன்று மாதிரிக் கொண்டை, தரையில் இழுபடும் சிவப்பு அங்கி, சொன்ன பேச்சைக் கேட்காமல் தனியாக அலையும் நிழல். ஒப்பனைக்கும் உடைக்கும் ஆஸ்கர் வாங்கிய படம். ஆனால் சவரக் காட்சியில் அவர் கத்தியை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி, ரத்தத்தை நக்குகிறாரே, அந்தத் திரும்புதல் நடிகரின் பக்கத்தில் வரும். விருந்தாளிக்குத் தெரியக்கூடாது என்கிற மரியாதையும் அடங்காத நாக்கும் ஒரே நொடியில். அப்புறம் சாவகாசமாக வந்து, மிச்ச சவரத்தைத் தானே செய்துவிடுகிறார்.

இரண்டாவது தடவை படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். டப்பிங்கில் நாங்கள் முதலில் பிடிப்பது வசனத்தை அல்ல, மூச்சை. எங்கே இழுக்கிறார், எங்கே விடுகிறார் என்று தெரிந்துவிட்டால் வார்த்தை தானாக உட்காரும். லுகோசி மூச்சே விடாத ஆள் போலப் பேசுகிறார். 'நான் ஒருபோதும் குடிப்பதில்லை' என்று சொல்லி, நிறுத்தி, அப்புறம்தான் 'ஒயின்' என்கிறார். நாவலில் இல்லாத வசனம் அது. அந்த நிறுத்தத்தில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறதா என்று ஹெட்போனில் தேடிப் பாருங்கள், எனக்குக் கேட்கவில்லை. செத்தவன் எதற்கு மூச்சு விட வேண்டும்? கின்ஸ்கி இதற்கு நேர் எதிர். வசனத்தைவிட மூச்சுதான் அதிகம், நெஞ்சு அடைத்தவர் இழுப்பது போல. ஓல்ட்மேன் இதற்காகப் பாட்டுப் பயிற்சி எடுத்துக் குரலை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினார். 2024 நோஸ்ஃபெராட்டுவில் பில் ஸ்கார்ஸ்கார்டும் அப்படித்தான் செய்தார், அவருக்கு நாவலில் உள்ள மீசையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவர் குரல் உடம்புக்குள்ளிருந்து வராமல் சுவருக்குப் பின்னாலிருந்து வருவது போல இருக்கும். எனக்கு அது கொஞ்சம் கூடுதல்.

லீயை எங்கே வைப்பது? 1958 படத்தில் ரத்தத் துளிக் காட்சியே இல்லை. இருந்தும் அவரை விட்டுவிட முடியாது. மாடிப்படி மேலே கறுப்பு உருவமாக நிற்கிறார், பயங்கரமாக ஏதோ வரப்போகிறது என்று நாம் காத்திருக்க, விறுவிறுவென்று இறங்கி வந்து, நல்ல ஆங்கிலக் கனவான் போல ஹார்க்கரை வரவேற்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அதே மனிதர் சிவந்த கண்ணும் ரத்தம் வழியும் வாயுமாக நூலக அறைக் கதவில் நிற்கிறார். நடுவில் படிப்படியான மாற்றம் எதுவும் இல்லை. அடக்கிக்கொள்வது என்ற பேச்சே இல்லாமல் இரண்டு ஆட்களாக நடித்திருக்கிறார். ஹார்க்கரோடு பேசி முடித்த பிறகு படம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. 1966-இல் வந்த தொடர்ச்சியில் வசனமே கிடையாது, வெறும் சீறல்தான். வசனம் சகிக்கவில்லை, அதனால் பேச மறுத்தேன் என்றார் லீ. நான் வசனமே எழுதவில்லை என்றார் எழுத்தாளர் ஜிம்மி சாங்ஸ்டர். எது நிஜமானாலும், இந்த இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்தால் லீயின் பலம் அந்த நடையிலும் உயரத்திலும்தான் என்று புரிந்துவிடும்.

நேரம் இருந்தால் 1931-இன் ஸ்பானிஷ் பதிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் ஆங்கிலப் படம், இரவில் அதே செட்டில் ஸ்பானிஷ் படம் என்று எடுத்தார்கள். கேமரா ஸ்பானிஷ் படத்தில்தான் துடியாக இருக்கிறது, படிக்கட்டில் அது மேலே மிதந்து போகும் அழகுக்கே பார்க்கலாம். படம் இதுவே மேல் என்று பலர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் டிராகுலாவாக வரும் கார்லோஸ் வில்லாரியாஸ் கண்ணை உருட்டுகிறார், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். லுகோசியின் காட்சிகளைப் போட்டுப் பார்க்க அவருக்கு அனுமதி இருந்தது. சைகைகள் வந்திருக்கின்றன, நிதானம் வரவில்லை.

கடைசியாக லுகோசியின் 1948 படம். அபட், காஸ்டெல்லோ என்ற நகைச்சுவை ஜோடியின் படம் அது. திரைப்படத்தில் அவர் டிராகுலாவாகவே வந்தது 1931-க்குப் பிறகு இந்த ஒரு முறைதான், அப்போது வயது அறுபத்தைந்து. சுற்றியுள்ள எல்லோரும் விழுந்து புரண்டு சிரிப்புக் காட்ட, அவர் மட்டும் ஒரு இடத்தில்கூட இது தமாஷ் படம் என்று தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இதையும் முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.