உப்புத் தண்ணீர் ஊரில் அச்சு ஸ்டோலைத் துவைக்க

ஒரு முனையில் நம் மாங்காய் புட்டா, மறுமுனையில் ‘செய்கைஹா’ எனும் ஜப்பானிய அலை வடிவம், மீன் செதில் போல அடுக்கடுக்காக அரைவட்டங்கள். இப்படி மரக்கட்டையில் கையச்சு போட்ட பருத்தி ஸ்டோல் உங்களிடம் இருக்கிறதா? கீழக்கரை, மண்டபம் பக்கம் இருப்பவர்கள் முதலில் தண்ணீரைப் பாருங்கள். உப்பேறிய போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. வெள்ளையாகத் திரிந்து துணியில் படிந்து நிறத்தை மங்கடிக்கும். குடிக்க வாங்கும் தண்ணீரில் அரை வாளி போதும், மழைத் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. காரம் குறைந்த ஷாம்பூ கொஞ்சம் கலந்து, தனியாக அலசுங்கள். ஊறப்போட வேண்டாம்.

அதற்கு முன், ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். அவுரி (இண்டிகோ) நீலம் என்றால் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். அச்சடித்து முடிந்த துணியில் அது பலிக்காது. பலிக்குமென்றால் நம் போர் தண்ணீரே போதுமே!

முறுக்காமல் பிழிந்து, உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் காயப்போடுங்கள். மொட்டைமாடி வேண்டாம், கடற்காற்றின் உப்பு படிந்தால் துணி பிசுபிசுவென்றே இருக்கும். அச்சுகள் சேருமிடத்தில் கோடு லேசாக விலகியிருந்தால் கடையில் சண்டைக்குப் போகாதீர்கள், கையச்சு அப்படித்தான்.