விண்டோஸ் திறக்கவில்லையா? முதலில் ஃபைல், அப்புறம் ரிப்பேர்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மீட்புத் திரை உள்ளேயே இருக்கிறது. லோகோ தெரிந்ததும் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தால், அடுத்த முறை அந்தத் திரை தானாக வரும். டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ரிப்பேரில் கை வைக்கும் முன் ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று போய், நோட்பேட் என ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஃபைல் மெனுவில் ஓபன் கொடுத்து, கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என மாற்றினால் எல்லாம் தெரியும். வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக்கில் காப்பி செய்து பென்டிரைவில் பேஸ்ட் செய்யலாம். சி டிரைவ் இங்கே வேறு எழுத்தில் காட்டலாம், பதற வேண்டாம். காப்பி ஆகும்போது திரை உறைந்ததுபோல் நிற்கும், அணைத்துவிடாதீர்கள்.

அப்டேட்டுக்குப் பின் கெட்டிருந்தால் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' போதும். இல்லையேல் விண்டோஸைப் பழைய தேதி ஒன்றின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர்: உங்கள் ஆவணங்களைத் தொடாது, ஆனால் அந்தத் தேதிக்குப் பின் போட்ட மென்பொருள்கள் போய்விடும். அப்படித் திரும்ப, சேமித்து வைத்த பழைய நிலை (ரெஸ்டோர் பாயின்ட்) எதுவுமே இல்லாதபோதுதான், விண்டோஸை மறுபடி நிறுவும் ரீசெட். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' தேர்ந்தாலும் நீங்கள் நிறுவிய மென்பொருள்களை மறுபடி போட வேண்டியிருக்கும்.