ஸ்நார்க்கல் பேக் நாறாம, ஜிப் பிடிக்காம இருக்கணும்னா இந்த தப்பெல்லாம் செய்யாதுங்க

தை மாசம் கன்னியாகுமரி மாவட்டம் கடியப்பட்டணம் பாறைப்பக்கம் குளிச்சிட்டு வந்து மாஸ்க் (கண்ணையும் மூக்கையும் மூடுற கண்ணாடி), ஃபின்ஸ் (கால்ல மாட்டுற துடுப்பு), ஸ்நார்க்கல் (வாயில வச்சு மூச்சு விடுற குழாய்) மூணையும் நல்லா கழுவி காயவச்சிட்டு, பேக்க மட்டும் அப்படியே கதவுக்கு பின்னாடி ஆணியில மாட்டிப் போட்டேன், அது வெறும் பை தான, உள்ள இருக்குற பொருள பாத்துக்கிட்டா போதும்னு நெனப்பு. பொறவு எல்லாத்தையும் அதுக்குள்ளயே போட்டு மூடியும் வச்சாச்சு. ஆனி ஆடி முடிஞ்சு எடுத்துப் பாத்தா ஜிப் அசையவே இல்ல, எப்படியோ இழுத்து தொறந்தா உள்ள கருப்பு கருப்பா பூசணம், கழுவி வச்ச மாஸ்க்குலயும் அந்த நாத்தம். வாயில வைக்குற மவுத்பீஸ் கூட அதே வாடை தான்.

எனக்க கூட கடலுக்கு வாற பசங்கள்ல முக்காவாசி பேரும் இந்த தப்ப தான் செய்யுறாங்க, பொருள கழுவுவாங்க, பேக்க கழுவ மாட்டாங்க.

ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. நனைஞ்ச பேக் ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிருந்தா, அது காஞ்ச பிறகு ரெண்டு பெரிய ஸ்பூன் உப்பு துணியிலயும் தையல்லயும் தங்கிரும். மழைக்காலத்துல அடுக்களையில கல்லுப்பு ஜாடி கசியும் பாத்திருப்பீங்க, அதே கதை தான் இங்கயும், காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டினா சாப்பாட்டு உப்பே தண்ணிய இழுத்து கரைய ஆரம்பிச்சிரும், கடல் உப்புல இருக்குற மக்னீசியம் குளோரைடு அதுக்கு ரொம்ப முன்னாடியே இழுக்கும். அதனால உப்போட காஞ்ச பேக் உண்மையில காயவே இல்ல, ராத்திரி ஆனா மறுபடி ஈரமாவுது, அந்த ஈரத்துல தான் பூசணம் பிடிக்குது, ஜிப்பும் அரிக்குது.

கழுவுற தண்ணியிலயும் ஒரு சிக்கல் உண்டு. கடக்கரை பக்கத்து வீடுகள்ல போர் தண்ணியே உப்பா இருக்கும், அதுல கழுவிட்டு கழுவியாச்சுன்னு நிம்மதியா இருந்துராதுங்க. ஒரு சொட்ட கண்ணாடி மேல விட்டு காயவிடுங்க, வெள்ளையா திட்டு படிஞ்சா கடைசி அலசு மட்டுமாவது நல்ல தண்ணியில அலசுங்க. சும்மா மேல ஊத்துனா பத்தாது, வாளியில அரை மணி நேரம் முக்கி வச்சு, ஜிப்ப தண்ணிக்குள்ளயே நாலஞ்சு தடவ தொறந்து மூடி, பேக்க உள்பக்கம் வெளிய திருப்பி இன்னொரு தடவ அலசணும்.

அடுத்தது மணல். மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் கருப்பா கெடக்குற மணல் சாதா மணல் கெடையாது, அதுல இல்மனைட், சிர்கான், கார்னெட்னு கனிமங்கள் எல்லாம் இருக்கு. கார்னெட்ல உப்புத்தாள் கூட செய்யுறாங்க, அப்ப அது ஜிப்புக்குள்ள போனா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. மாஸ்க் கண்ணாடிக்கும் அது ஆகாது. சிப்பி எடுக்குற அண்ணன் ஒருத்தர் சொன்னாரு, "தம்பி, மணல கடல்லயே கழுவிரு, உப்ப வீட்டுல போய் கழுவு." அதுக்கு பொறவு கரைய விட்டு ஏறுறதுக்கு முன்னாடி பேக்க கவுத்துப் பிடிச்சு அலையில ஒரு தடவ அலசிட்டு தான் வாறேன்.

ஜிப் இறுகிடுச்சுன்னா நம்மாளு கை நேரா தேங்காய் எண்ணெய்க்கு தான் போகும். தயவு செஞ்சு வேண்டாம். அன்னைக்கு லேசா ஓடும், அப்புறம் எண்ணெய்ல மணல் ஒட்டி பசை மாதிரி ஆயிரும், அது கிட்ட ரப்பர் ஸ்ட்ராப் பட்டா அதையும் எண்ணெய் கெடுக்கும். ஜிப்புல பச்சையா பூத்திருந்தா பழைய பிரஷ்ல கொஞ்சம் வினிகர் தொட்டு தேச்சு நல்லா கழுவி, காஞ்ச பிறகு மெழுகுவர்த்திய பல்லு மேல உரசுங்க. பிளாஸ்டிக் பல்லு ஜிப் தான எனக்க பேக்குல, அதுக்கு என்னன்னு விட்டுராதுங்க, பல்லு பிளாஸ்டிக்கா இருந்தாலும் இழுக்குற தலை பெரும்பாலும் உலோகம், அரிக்குறது அது தான்.

காயவைக்குறப்ப உச்சி வெயில்ல மொட்டைமாடி கம்பியில நாள் பூரா போட்டுறாதுங்க. வெயில் நைலான் நூல பலவீனமாக்கும், பூச்சு போட்ட பேக்குன்னா மடிப்புல வெடிக்கும். காத்தோட்டமான நெழல்ல, திருப்பிப் போட்டு, தையல் பக்கம் கைய வச்சுப் பாத்து ஈரம் இல்லன்னா தான் எடுக்கணும். கார் டிக்கியில ஈர பேக்க விட்டுட்டு மறுநாள் எடுக்குறதும் அதே அளவுக்கு கெடுதல்.

அடுக்குறதுலயும் பாத்துக்கிடுங்க. கருப்பு ரப்பர் ஃபின்ஸோட தெளிவான சிலிக்கான் மாஸ்க்க ஒட்டிப் போட்டு மாசக்கணக்குல வச்சா சிலிக்கான்ல கருப்பு ஏறிரும், அது கழுவினா போகாது. மாஸ்க்க அது வந்த டப்பாவுலயே வைங்க. ஃபின்ஸ படுக்கப் போடுங்க, மடக்கி திணிச்சா அந்த வளைவு அப்படியே நின்னுரும்.

பிளீச்சிங் பவுடர், வாஷிங் மெஷின், அந்துருண்டை, இந்த மூணையும் பேக் பக்கம் கொண்டு போவாதுங்க. அந்துருண்டை வாடை ஸ்நார்க்கல்ல ஏறிட்டா அத வாயில வச்சு தான் மூச்சு விடணும்.

ஆனி ஆடி கடல் கொந்தளிக்குறப்ப எப்படியும் யாரும் இறங்க மாட்டோம், அந்த ரெண்டு மூணு மாசம் தான் பேக்குக்கு ஆபத்து. மூடி பீரோவுக்குள்ள தள்ளாம, ஜிப்ப முழுசா தொறந்து, உள்ள ஒண்ணும் வைக்காம, சுவர ஒட்டாம தொங்க விடுங்க. மழை விட்டு வெயில் வாற நாள்ல ஒரு மணி நேரம் திண்ணையில போட்டு எடுங்க. எனக்க பழைய பேக்குக்கு ஜிப் மாத்தி இப்படி வச்சிருக்கேன், இந்த ஆடி முடிஞ்சு மூக்கு கிட்ட கொண்டு போய் மோந்து பாத்தேன், ஒரு வாடையும் இல்ல.